'இக்னோர்' எங்கேருந்து வந்துச்சு? ஒரு இங்கிலீஷ் வார்த்தையோட லத்தீன் வேரைப் புடிக்கறது எப்படி

போன மாசம் ஒரு நாள் டியூஷன் முடிஞ்சு எல்லாரும் கெளம்பிட்டாங்க, பாரம் ஃபோர், அதாவது பத்தாவது வருஷம் படிக்கற ஒரு பொண்ணு மட்டும் படிக்கட்டுல ஒக்காந்து போனையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. என்னம்மா அப்பா இன்னும் வரலையான்னு கேட்டேன். "அதில்ல சார், மூனு நாளா ப்ளூ டிக் விழுது, ரிப்ளை இல்ல, அவ என்ன இக்னோர் பண்றா சார்"ன்னுச்சு. எனக்கு அந்த நேரத்துல ஆறுதல் சொல்லத் தெரியல, வாத்தியார் புத்தி எங்க போகும், "இக்னோர்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு?"ன்னு கேட்டுட்டேன். அது என்ன மொறச்சுப் பாத்துச்சு. சரி, அடுத்த வாரம் வகுப்புல அதையே எடுத்துப் பிரிச்சுக் காட்டினேன், புள்ளைங்களுக்குப் புடிச்சுப் போச்சு, அதான் இங்கயும் எழுதறேன். வீட்டுல எஸ்பிஎம், அதாவது பாரம் ஃபைவ் பரீட்சை எழுதற புள்ள இருந்தா ஒதவும், இல்லன்னாலும் ஒரு மழ நாளைக்கு நல்லா பொழுது போகும்.

எங்க ஊரு மலேசியாவுல பத்தாங் பெர்ஜுந்தை. 2007ல பேர மாத்தி பெஸ்தாரி ஜெயான்னு வச்சாங்க, ஆனா பஸ்ஸு ஸ்டாண்டுல நிக்கற பெருசுங்க வாயில இன்னும் பழைய பேருதான். பெஸ்தாரின்னா மலாய்ல படிச்சவன், வெவரம் தெரிஞ்சவன்னு அர்த்தம். சுத்தி முன்ன பால்மரம், அதாவது ரப்பர், இப்ப செம்பனை, எண்ணெய் எடுக்கற பனை. ஊருப் பேருலயே அறிவு இருக்கு, அதனால அறிவு சம்பந்தப்பட்ட வார்த்தைய இங்க ஒக்காந்து ஆராயறது பொருத்தம்தான்னு நெனச்சுக்குவேன்.

மொத வேல, வார்த்தைய பாத்த ஒடனே வெட்டாதீங்க. அதோட சொந்தக்காரங்கள எல்லாம் ஒரு தாள்ல எழுதுங்க. இக்னோர், இக்னோரன்ட், இக்னோரன்ஸ், இதெல்லாம் ஒரே வீடுன்னு பாத்தாலே தெரியும். வால்ல இருக்கற "அன்ட்", "அன்ஸ்" எல்லாம் ஒட்டு, அதக் கழட்டுங்க. மிச்சம் நிக்கறது "இக்னோர்". இங்கதான் எல்லாரும் தப்பு பண்ற எடம், நானும் பண்ணேன், வெக்கத்த விட்டுச் சொல்றேன், ரெண்டு வருஷமா புள்ளைங்களுக்கு நான் என்ன சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தேன்னா, "இக்னைட்னா பத்த வைக்கறது, அதுல இருக்கற இக்ன்தான் இக்னோர்லயும் இருக்கு, ஒருத்தன இக்னோர் பண்ணா அவனுக்கு வயிறு எரியும்ல, அதான்"னு. கேக்கறதுக்கு நல்லா இருந்துச்சு, புள்ளைங்களும் எழுதி வச்சுக்கிச்சுங்க. ஒரு நாள் பாரம் டூ பையன் ஒருத்தன் போன்ல தட்டிப் பாத்துட்டு, "சார், ரெண்டும் வேற வேறயாம் சார்"ன்னான். எனக்கு மூஞ்சி எங்க வைக்கறதுன்னு தெரியல.

அந்தப் பையன் சொன்னது சரி. இக்னைட் வந்தது லத்தீன் "இக்னிஸ்"லேருந்து, இக்னிஸ்னா நெருப்பு. நம்ம கோயில்ல ஐயர் சொல்ற "அக்னி" இருக்குல்ல, அதுவும் இக்னிசும்தான் ஒன்னு விட்ட சொந்தம். இக்னோருக்கும் நெருப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. சத்தம் ஒத்துப்போச்சுன்னு சம்பந்தம் பேசக்கூடாது. பால்மரம் வெட்டுனவங்களுக்குத் தெரியும், பட்டைய மட்டும் மெல்லிசா சீவணும், கத்தி கொஞ்சம் ஆழமா எறங்குச்சுன்னா மரத்துக்குக் காயம், அந்த எடத்துல அப்புறம் முண்டு முண்டா வரும். வார்த்தையும் அப்படித்தான், எங்க ஒட்டு முடியுது எங்க மரம் ஆரம்பிக்குதுன்னு தெரியாம வெட்டினா என்ன மாதிரி நெருப்பு கத சொல்லிக்கிட்டுத் திரிய வேண்டியதுதான்.

அப்ப எங்க வெட்டறது? அகராதிய பாருங்க. போன்லயே எட்டிமான்லைன்னு ஒரு சைட் இருக்கு, டக்ளஸ் ஹார்ப்பர்ங்கற அமெரிக்கர் ஆரம்பிச்சது, காசு கெடையாது. காசு கட்டற வசதி இருந்தா, இல்ல லைப்ரரில கெடச்சா, ஆக்ஸ்ஃபோர்ட் பெரிய அகராதி, அது 1884ல மொத பகுதி வந்து 1928லதான் கடைசிப் பகுதி முடிஞ்சுச்சு, அவ்ளோ நிதானமா செஞ்சது. எதுல பாத்தாலும் பொருளுக்குப் போகாம "வரலாறு" பகுதிக்குப் போங்க. அங்க இந்த மொழிலேருந்து அந்த மொழி, அதுக்கு முன்னாடி இன்னொன்னுன்னு வரிசையா பின்னாடி போகும், ரயில்ல திரும்பி ஊருக்குப் போற மாதிரி ஸ்டேஷன் ஸ்டேஷனா. நடுவுல ஒரு வார்த்தைக்கு முன்னாடி குட்டி நட்சத்திரம் போட்டிருப்பாங்க. அத சாதாரணமா நெனைக்காதீங்க. நட்சத்திரம் போட்டிருந்தா அந்த வடிவம் எந்த ஏட்டுலயும் கல்லுலயும் கெடைக்கல, பின்னாடி வந்த மொழிகள ஒப்பிட்டுப் பாத்து இப்படித்தான் இருந்திருக்கும்னு கட்டி எழுப்பினதுன்னு அர்த்தம். புள்ளைங்க அந்த நட்சத்திரத்த விட்டுட்டு எழுதிக்கிட்டு வந்து நிக்கும், நான் சிவப்பு பேனால போடுவேன்.

இக்னோருக்குப் போனா லத்தீன்ல "இக்னொராரே"ன்னு நிக்கும். தெரியாம இருக்கறதுன்னு அர்த்தம். இங்க வெட்டு விழற எடம் "இக்ன்" இல்ல. மொதல்ல இருக்கறது "இன்", இல்லன்னு சொல்ற முன்னொட்டு. பின்னாடி இருக்கறது "க்னோ", அறியறதுங்கற வேர். இன் கூட்டல் க்னோ. அப்ப அந்த "இன்"ல இருந்த ன் எங்க போச்சுன்னு கேக்கணும் நீங்க. கேட்டா நல்ல மாணவன்.

இதுக்கு லத்தீன் இலக்கணம் வேணாம், நம்ம தமிழ்ப்பள்ளில படிச்ச புணர்ச்சி போதும். தோன்றல், திரிதல், கெடுதல்னு மூனு விகாரம் மனப்பாடம் பண்ணமே, ஞாபகம் இருக்கா, பொன்னும் குடமும் சேந்தா பொற்குடம், அது திரிதல். மரமும் வேரும் சேந்தா மரவேர், ம் காணாமப் போகுது, அது கெடுதல். லத்தீன்காரனுக்கும் அதே வாய்தான? இன்னும் பாசிபிலும் சேந்தா இம்பாசிபிள், ன் போயி ம் ஆச்சு, திரிதல். இன்னும் லீகலும் சேந்தா இல்லீகல், அதுவும் திரிதல். இன்னும் க்னோவும் சேரும்போது ன் விழுந்துருது, கெடுதல். அவ்ளோதான் விஷயம். நான் பாரம் ஃபைவ்ல படிக்கறப்ப இத யாராவது இப்படிச் சொல்லியிருந்தா இம், இல், இர்னு ஒவ்வொன்னா தனித்தனியா மனப்பாடம் பண்ணியிருக்க மாட்டேன், தமிழ்ல தொண்ணூறு வாங்குனவன் இங்கிலீஷ்ல முழிச்சிருக்கவும் மாட்டேன். அதே கணக்குதான் "ரெகக்னைஸ்"ல நடுவுல நிக்கற "காக்ன்"லயும், கூடங்கற "கொன்" கூட்டல் "க்னோ", மறுபடியும் ன் கெட்டுப்போச்சு, முன்னாடி "ரெ" சேந்தா மறுபடி அறியறது, அடையாளம் கண்டுக்கறது.

இப்ப வேர் கையில வந்துருச்சு. க்னோ. இத வச்சு அடுத்து என்ன செய்யணும்னா, இந்த வேரோட உறவுங்க வேற எந்த மொழில எந்த வேஷத்துல இருக்குதுங்கன்னு பாக்கணும், இதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச கட்டம், அதனால கொஞ்சம் நீளமா சொல்வேன், அவசரம்னா தள்ளிப் போயிருங்க.

இங்கிலீஷ்ல தெரியும்ங்கறதுக்கு "நோ"ன்னு சொல்றோம், எழுதறப்ப முன்னாடி ஒரு "கே" சும்மா நிக்கும். அது சும்மா வச்சதில்ல, 1600கள் வரைக்கும் இங்கிலாந்துல அந்த கேவ வாயத் தொறந்து சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாங்க, "க்நோ"ன்னு. முட்டிய சொல்ற "நீ"லயும் அதே ஊமை கே. அப்ப இங்கிலீஷ்ல கே, லத்தீன்ல ஜி, க்னோவ ஜி போட்டுத்தான் எழுதுவாங்க. ஒரு எடத்துல மட்டும் இப்படி இருந்தா தற்செயல்னு விட்டுரலாம். ஆனா வரிசையா வருது. முட்டிக்கு இங்கிலீஷ்ல கே, லத்தீன்ல "கெனு", அது ஜி எழுத்து. இனத்துக்கு இங்கிலீஷ்ல "கின்", லத்தீன்ல "கெனுஸ்", அதே ஜி. சமஸ்கிருதத்துக்குப் போனா அந்த எடத்துல எல்லாம் ஜ. முட்டிக்கு ஜானு, கை முட்டி வரைக்கும் தொங்கற ஆளத்தான் ஆஜானுபாகுன்னு சொல்றோம். இனத்துக்கு ஜனம். அறியறதுக்கு ஞா, அதாவது ஜவும் ஞவும் ஒட்டின சத்தம், நம்ம வாயில ஞானம்னு வந்துச்சு. மூனு வார்த்தை, மூனு மொழி, ஒரே ஒழுங்கு. இப்படி ஒழுங்கா வந்தா மட்டும்தான் சொந்தம்னு ஒத்துக்கணும். லத்தீன் ஜி இருக்கற எடத்துல இங்கிலீஷ் கே வரும்ங்கற இந்த விதிய 1822ல யாக்கோப் கிரிம்ங்கற ஜெர்மன்காரர் தொகுத்து வச்சாரு, தம்பியோட சேந்து புள்ளைங்க கத சேத்தாரே அதே ஆளுதான். சமஸ்கிருதமும் லத்தீனும் கிரேக்கமும் ஒரே மூலத்துலேருந்து வந்திருக்கணும்னு வில்லியம் ஜோன்ஸ் 1786ல கல்கத்தாவுல பேசினது அதுக்கும் முன்னாடி.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. இக்னோர்ல இருக்கற இல்லைங்கற "இன்"னும் சமஸ்கிருதத்து "அ"வும் இங்கிலீஷ் "அன்"னும் கிரேக்கத்து "அ"வும்கூட ஒரே வேருதான். அப்ப முன்னாடியும் சொந்தம் பின்னாடியும் சொந்தம். அஞ்ஞானம், இக்னோரன்ஸ் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, அ-வுக்கு இன், ஞா-வுக்கு க்னோ, பாகம் பாகமா பொருந்தும். கடவுள் இருக்காரா இல்லையான்னு தெரிஞ்சுக்க முடியாதுன்னு சொல்ற ஆள அக்னாஸ்டிக்னு சொல்றாங்களே, 1869ல தாமஸ் ஹக்ஸ்லி உண்டாக்கின வார்த்தை, அதுவும் கிரேக்க அ கூட்டல் க்னோ. அன்நோன் நம்பர்லேருந்து கால் வருதே, அந்த அன்நோனும்தான்.

எங்க ஆயா லயத்து வாசல்ல, அதாவது தோட்டத்து ஆளுங்க இருக்கற வரிச வீட்டு வாசல்ல ஒக்காந்து பாரதம் சொல்லும், பாண்டவங்க பன்னெண்டு வருஷம் காட்டுல இருந்துட்டு பதிமூனாவது வருஷம் யாருக்கும் தெரியாம விராட நாட்டுல வேல பாத்தாங்களே, அர்ஜுனன் டான்ஸ் வாத்தியாரா, பீமன் சமையல்காரனா. அதுக்குப் பேரு அஞ்ஞாதவாசம். அஞ்ஞாதன்னா அறியப்படாத. லத்தீன்ல அதே பொருளுக்கு "இக்னோதுஸ்"னு ஒரு வார்த்தை இருக்கு, அஞ்ஞாதவும் இக்னோதுசும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போற உடன்பிறப்புங்க. இத வகுப்புல சொன்ன ஒடனே அந்தப் பொண்ணு, "அப்ப என் ஃப்ரெண்டு இக்னோர் பண்ணல சார், அஞ்ஞாதவாசம் போயிருக்கா"ன்னுச்சு. வகுப்பே சிரிச்சுச்சு, எனக்குத்தான் அத எந்தக் கணக்குல சேக்கறதுன்னு தெரியல.

இங்க ஒரு எச்சரிக்கை. ஞானம்னு தமிழ்ல சொல்றோம், தைப்பூசத்துக்கு பத்துமலைக்கு நடக்கறப்ப ஞானப்பழத்துக்காக முருகன் மயில்ல ஒலகத்த சுத்துன கதைய சொல்லிக்கிட்டே நடக்கறோம், அதனால லத்தீனே தமிழ்லேருந்து வந்துச்சுன்னு சில பேரு வாட்ஸ்அப்ல அனுப்பறாங்க. அனுப்பாதீங்க. ஞானம் நம்ம கடன் வாங்கின வார்த்தை, சென்னைப் பல்கலைக்கழகத்து தமிழ் லெக்சிகன்ல பாத்தாலே அது சமஸ்கிருதத்துலேருந்துன்னு போட்டிருக்கும். நம்ம சொந்த வார்த்தை "அறி". மலையாளத்துல அறியுகன்னும் கன்னடத்துல அரின்னும் இருக்கு, அது வேற குடும்பம், திராவிடக் குடும்பம். தென்னாட்டு மொழிங்க சமஸ்கிருதத்துலேருந்து வரல, தனிக் கூட்டம்னு எல்லிஸ்ங்கற மெட்ராஸ் கலெக்டர் 1816லயே எழுதிட்டாரு, கால்டுவெல் 1856ல பெருசா நிறுவினாரு. அதனால பெருமப்படணும்னா தனிக் குடும்பமா இருக்கறதுக்குப் பெருமப்படுங்க, அடுத்த வீட்டுப் புள்ளைக்கு நம்ம இனிஷியல் போடாதீங்க.

ஆனா சொந்தம் இல்லன்னாலும் குணம் ஒத்துப்போகும். லத்தீன்ல "இக்னொராமுஸ்"னு ஒரு வினை. ஒரே வார்த்தை, அதுல யாரு, என்ன, இல்லைங்கறது எல்லாம் அடங்கிருச்சு. இங்கிலீஷ்ல அத நாலு வார்த்தையா ஒடைக்கணும். தமிழ்ல? "அறியோம்." முடிஞ்சுது. அறிவோம்ல ஒரு வ் இருக்கு, அத எடுத்துட்டா அறியோம், தெரியும்ங்கறது தெரியாதுன்னு ஆகிருது, இல்லைன்னு சொல்றதுக்குத் தனியா ஒன்னும் சேக்கவே வேணாம், இந்த விஷயத்துல லத்தீன்காரன விட நம்ம சிக்கனம்.

இந்த இக்னொராமுசுக்கு ஒரு கத இருக்கு. இங்கிலாந்துல முன்ன ஒருத்தன் மேல வழக்கு போடலாமா வேணாமான்னு ஜூரி ஒக்காந்து முடிவு பண்ணும். ஆதாரம் பத்தலன்னா அந்தத் தாளு பின்னாடி இக்னொராமுஸ்னு எழுதிருவாங்க, அறியோம், எங்களுக்கு இதப் பத்தித் தெரியாதுன்னு. 1615ல கேம்ப்ரிட்ஜ்ல ராஜா முன்னாடி ஜார்ஜ் ரக்ல்ங்கறவரு ஒரு நாடகம் போட்டாரு, அதுல ஒன்னும் தெரியாத ஒரு வக்கீலுக்கு இக்னொராமுஸ்னே பேரு. அதுலேருந்து மடப்பயலுக்கெல்லாம் அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. அறியோம்னு நேர்மையா ஒத்துக்கிட்ட வார்த்தை கடைசில திட்டா போச்சு. இங்கிலீஷ் நல்லா தெரிஞ்ச மாதிரி காட்டிக்கறவங்க இதுக்குப் பன்மை போடறப்ப "இக்னொராமி"ன்னு சொல்வாங்க, அது தப்பு, இது பெயர்ச்சொல்லே இல்ல, வினை, அறியோம்ங்கறதுக்கு எப்படிப் பன்மை போடுவீங்க.

இதுலேருந்து அடுத்த வேலைக்கு வரேன், அர்த்தம் எந்தக் காலத்துல எப்படி நகந்துச்சுன்னு பாக்கறது. வேர மட்டும் கண்டுபுடிச்சுட்டு நிறுத்துனா பாதி வேலதான். இக்னோர் இங்கிலீஷ்க்குள்ள 1600கள் ஆரம்பத்துல வந்தப்ப வெறும் தெரியாதுன்னுதான் அர்த்தம். தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கறதுங்கற அர்த்தம் 1800 வாக்குலதான் வந்துச்சு. பிரெஞ்சுல இன்னும் பழைய அர்த்தம்தான் முன்னாடி நிக்குது. எங்க ஊரு பக்கத்துலயே தென்னமரம் எஸ்டேட்னு இருக்கு, 1917ல மலாயாவுல மொதமொதல்ல வியாபாரத்துக்குன்னு செம்பனை நட்டது அங்கதான், நட்டவரு ஆன்ரி ஃபோகோனியேங்கற பிரெஞ்சுக்காரரு. செம்பனை ஆரம்பிச்ச தோட்டத்துக்குப் பேரு தென்னமரம், இதுல இருக்கற சிரிப்ப யாரும் கவனிக்கறதே இல்ல. அந்த தொரைகிட்ட கணக்கு கேட்டு அவருக்குத் தெரியலன்னு வைங்க, அவரு ஊர் பாஷைல "ஜிஞோர்"னு சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாதுன்னு அர்த்தம், உன்ன மதிக்கலன்னு இல்ல. பிரெஞ்சுல ஜியும் என்னும் சேந்தா நம்ம ஞ சத்தம்தான் வரும். லத்தீன் ஜி சுத்தி சுத்தி நம்ம ஞ-வுக்கே வந்து நின்னுருச்சு, தற்செயல்தான், ஆனா கேக்க நல்லா இருக்கு.

வந்த வழியும் முக்கியம். இங்கிலீஷ்க்கு லத்தீன் வார்த்தைங்க ரெண்டு வாசல்ல வந்துச்சு. ஒன்னு, படிச்சவங்க ஏட்டப் பாத்து நேரா எடுத்தது, அதுல எலும்பு அப்படியே தெரியும், அறியறதுங்கற காக்னிஷன் மாதிரி. இன்னொன்னு, 1066ல நார்மண்டிக்காரங்க இங்கிலாந்தப் புடிச்சப்புறம் பிரெஞ்சு வாயி வழியா தேஞ்சு வந்தது. "க்வெயின்ட்"னு ஒரு வார்த்தை, பழைய காலத்து அழகுன்னு சொல்லுவாங்க, அதுவும் "காக்னிதுஸ்", அறியப்பட்ட, அதுலேருந்துதான் வந்துச்சுன்னா நம்பறீங்களா? மொதல்ல வெவரமானவன்னு அர்த்தம், அப்புறம் நேர்த்தியா செஞ்சது, அப்புறம்தான் இப்ப இருக்கறது. அறிமுகப்படுத்தறதுங்கற அக்வெயின்டும் அதே வழி. ஜியும் காணோம் என்னும் எடம் மாறிப்போச்சு, மூஞ்சப் பாத்து கண்டுபுடிக்கவே முடியாது, அகராதி இல்லாம இங்க காலு வைக்காதீங்க.

நம்ம வீட்டுக்குள்ளயும் லத்தீன் வந்திருக்கு, போர்ச்சுகீஸ் வழியா. மேஜை, ஜன்னல், சாவி, அலமாரி. தோட்டத்துல மண்டோர்னு கூப்புடறமே, அதுவும் போர்ச்சுகீஸ் "மந்தாதோர்", அதிகாரம் பண்றவன், லத்தீன் "மந்தாரே". எங்க அப்பா மண்டோர்கிட்ட பேச்சு வாங்காத நாளே இல்ல, லத்தீன்லதான் பேச்சு வாங்குறோம்னு தெரிஞ்சிருந்தா மனசு கொஞ்சம் ஆறியிருக்குமோ என்னமோ.

அறியற வேருல எனக்கு மறக்க முடியாத வார்த்தை ஒன்னு இருக்கு, அதுக்கு அகராதி தேவப்படல. நான் ஸ்டாண்டர்ட் சிக்ஸ் படிக்கறப்ப ஒரு காலைல பெரட்டுக்களத்துல, அதாவது வேலைக்குப் பேரு கூப்புடற எடத்துல இருந்த பலகைல வெள்ளத்தாளு ஒட்டியிருந்துச்சு. தோட்டம் கைமாறுது, லயத்த காலி பண்ணணும், தேதி போட்டிருந்துச்சு. இங்கிலீஷ்லயும் மலாய்லயும் இருந்துச்சு, தமிழ்ல இல்ல. பால் வாளியோட வந்த சனங்க எல்லாம் தாள சுத்தி நின்னுச்சு, படிக்கத் தெரிஞ்சது ஆபீஸ் கணக்குப்புள்ள கிராணியும் நாங்க நாலஞ்சு புள்ளைங்களும்தான், கிராணி தலைய குனிஞ்சுக்கிட்டு ஆபீசுக்குள்ள போயிட்டாரு. எங்க ஆயா என் சட்டையப் புடிச்சு இழுத்து, "நோட்டீசு என்னடா சொல்லுது"ன்னுச்சு. எனக்கு பாதி புரிஞ்சுது பாதி புரியல, வீட்ட விட்டுப் போகச் சொல்றாங்க ஆயான்னேன். அதுக்கப்புறம் லயத்துல நோட்டீசுங்கற வார்த்தைய யாரும் சாதாரணமா சொன்னதில்ல, கல்யாணப் பத்திரிகைய கூட நோட்டீசுன்னு சொன்னா ஆயா கோவப்படும்.

பல வருஷம் கழிச்சு அகராதில பாத்தா, நோட்டீஸ் லத்தீன் "நோதித்தியா"லேருந்து, அது "நோதுஸ்", அறியப்பட்டது. அதே க்னோ, முன்னாடி இருந்த ஜி மட்டும் விழுந்துருச்சு. பழைய லத்தீன்ல "க்னோஸ்கெரே"ன்னு இருந்தது பின்னாடி "நோஸ்கெரே"ன்னு ஆச்சு, தனியா நிக்கறப்ப ஜி விழுந்துரும், முன்னாடி ஏதாவது ஒட்டி நின்னா தப்பிச்சுக்கும், அதனாலதான் இக்னோர்லயும் ரெகக்னைஸ்லயும் ஜி இருக்கு, நோட்டீஸ்லயும் நோட்டோரியஸ்லயும் இல்ல. இத ஒரு விதியா குறிச்சு வச்சுக்குங்க, நெறைய எடத்துல கை குடுக்கும். தமிழ்லயும் அதே கணக்குதான், அறிவுலேருந்துதான் அறிவிப்பு. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது, தெரியப்படுத்தறதுக்குன்னே இருக்கற தாளு, தெரியப்படுத்த வேண்டியவங்களுக்குத் தெரியாத பாஷைல.

சரி, பொறி எங்க எங்க இருக்குன்னு சொல்லிட்டு முடிக்கறேன். இக்னைட் ஏற்கனவே சொல்லிட்டேன். அதவிட மோசமான பொறி "காக்னேட்". ஒரே மூலத்துலேருந்து வந்த வார்த்தைங்கள காக்னேட்னுதான் சொல்வாங்க, காக்னிஷன் மாதிரியே இருக்கும், இங்கிலீஷ்ல மொத நாலு எழுத்தும் ஒன்னுதான். ஆனா இது அறியறதுங்கற க்னோ இல்ல, பொறக்கறதுங்கற "க்னாதுஸ்". கொன் கூட்டல் க்னாதுஸ், கூடப் பொறந்தது, உடன்பிறப்பு. நேட்டிவ், நேஷன் எல்லாம் அந்த வீடு, அங்கயும் தனியா நின்னப்ப ஜி விழுந்துருச்சு. வித்தியாசம் எப்படிப் புடிக்கறதுன்னா பின்னாடி வர்ற உயிர பாருங்க, ஓ, இ வந்தா பெரும்பாலும் அறிவு, ஆ, ஏ வந்தா பெரும்பாலும் பொறப்பு. பெரும்பாலும்னுதான் சொன்னேன், கதை சொல்றதுங்கற "நரேட்" ஆ போட்டு வந்தும் அறிவு வீடுதான், "க்னாருஸ்", அறிஞ்சவன், அதுலேருந்து அறியவைக்கறது. அதனால சந்தேகம்னா மறுபடி அகராதி.

பயிற்சி வேணும்னா இந்த வாரம் நாலு வார்த்தை எடுத்துக்குங்க. நோபிள், இன்காக்னிட்டோ, கன்னிங், அன்கூத். மொத ரெண்டும் லத்தீன் வழி, நோபிள்னா மொதல்ல நாலு பேருக்குத் தெரிஞ்சவன்னுதான் அர்த்தம், எப்படி நல்லவன் ஆனான்னு நீங்க தேடுங்க. பின்னாடி ரெண்டும் லத்தீன் தொடாத சொந்த இங்கிலீஷ், ஆனா வேரு அதே வேரு, கன்னிங் ஒரு காலத்துல திட்டு இல்ல. ஒரு தாள்ல நாலு கட்டம் போட்டு, முன்னொட்டு, வேர், வந்த வழி, அர்த்தம் மாறின காலம்னு நிரப்புங்க, பதில் தெரியாத கட்டத்துல கதை கட்டாதீங்க, அறியோம்னு எழுதிருங்க, அதுக்கும் நான் மார்க் போடுவேன்.

அஞ்சாவதா போன வாரம் ஒரு பையன் "கொன்யாக்"னு எழுதிக்கிட்டு வந்தான், காக்ன்னு ஆரம்பிக்குதுல்ல சார்ன்னான். அது பிரான்ஸ்ல ஒரு ஊரு பேரு தம்பி, அந்த ஊர்ல காய்ச்சற பிராந்திக்கு அந்தப் பேருன்னு சொன்னேன். எங்கேருந்துடா இந்த வார்த்தை கெடச்சுச்சுன்னு கேட்டா, அவங்க தாத்தா அலமாரிலேருந்தாம்.